புலிக்கு முதுகு காட்டலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில், உறுப்பினர்களும் சிறுவர் சிறுமியரும் எடுத்த விலங்குப் படங்களின் காட்சியைத் தொடங்கி வைத்து நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சென்ற மார்கழியில் நம் சங்கத்தார் குடும்பத்துடன் நேரு விலங்கியல் பூங்காவுக்குச் சென்று வந்ததை அனைவரும் அறிவீர்கள். அன்று எடுத்த படங்களே இன்று இம்மண்டபத்தின் தாழ்வாரத்தில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் பணித்தனர். இதனைக் கலை நுணுக்கம் கற்றுத் தேர்ந்தவரின் உரையாகக் கொள்ள வேண்டா. விடுமுறை நாள்களில் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பூங்காவைச் சுற்றிப் பழகிய எம்போன்றோர் கண்டதையும் எண்ணியதையும் கூறுவதாகக் கொண்டால் போதும்.

காட்சிக்கு வந்த படங்களை இரண்டு அடுக்காகப் பிரித்தோம். விலங்கு மட்டும் காணப்படும் படங்கள் ஓர் அடுக்கு. விலங்குக்கு முன்னால் நம்மவர் நின்று புன்னகை புரியும் படங்கள் மற்றோர் அடுக்கு. இரண்டாவது அடுக்கே முதலாவதைப் போல் மூன்று மடங்கு உயரமாக இருந்தது! பேருந்து ஏறி, சீட்டு வாங்கி, வெயிலில் நடந்து, புலியைப் பார்க்கப் போன நாம், புலியின் முன் சென்றவுடன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். இது ஏன்? இவ்வொரு வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் பூங்காவின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஐதராபாத்தில் விலங்குகளைக் கண்டு களிக்கும் வழக்கம் புதிதன்று. நாம்பள்ளி இரயில் நிலையத்தினின்று நடந்து செல்லும் தொலைவில் உள்ள பொதுப் பூங்காவில், ‘பாகே ஆம்’ என்று நிஜாம் காலத்தில் வழங்கிய இடத்தில், முன்பு ஒரு விலங்குக் காட்சிச் சாலை இருந்தது. பின்னர் மீர் ஆலம் ஏரியை அடுத்து 380 ஏக்கர் நிலத்தில் புதிய பூங்கா ஒன்றை அமைக்க 1959ஆம் ஆண்டு அக்டோபரில் அடிகோலினர். 1963ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கம்பிக்குள் அடைத்து வைப்பதைக் குறைத்து, அகழி சூழ்ந்த திறந்த வெளியில் விலங்குகளை உலவ விட்டமை அக்காலத்தில் பெரும் புதுமை. 1974இல் சிங்க உலாவும் ஏற்பட்டது. அங்குச் சிங்கம் வெளியில் உலவும். மனிதர் வண்டிக்குள் அடைபட்டிருப்பர். யார் யாரைக் காட்சி பார்க்கிறார் என்று சிங்கத்தைத்தான் கேட்க வேண்டும்!

பூங்காவை ஒட்டிய மீர் ஆலம் ஏரியின் அணையும் காணத்தக்கதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபத்தோர் அரைவட்ட வளைவுகளை வரிசையாக இணைத்துக் கல்லால் கட்டிய அணை அது. குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் அங்கு வந்து தங்கும். கட்டணம் இல்லாத காட்சி ஆதலால் அதனைப் பலரும் பார்ப்பதில்லை!

இனி, படம் எடுக்கும் கதைக்கு வருவோம். விலங்கையும் மனிதரையும் ஒரே படத்தில் நிறுத்தும் வழக்கத்திற்கு இந்நகரில் ஒரு நீண்ட மரபு உண்டு. அதனை நாடறியச் செய்தவர் லாலா தீன்தயாள். மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தனாவில் 1844இல் பிறந்தவர். இந்தோரில் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் ஊழியம் பார்த்துக்கொண்டே நிழற்படக் கலையைக் கற்றவர். அரசாங்க நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதுபவர்க்கும் கலையுள்ளம் உண்டு என்பதற்கு அவரே சான்று; நம்மில் பலருக்கு இது ஆறுதல் தரும் செய்தி. பின்னர் அவர் ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலிகானின் அரசவை நிழற்படக் கலைஞரானார். செகந்தராபாத்தில் படநிலையம் நடத்தினார். ராஜா என்ற பட்டமும் பெற்றார்.

ஆறாம் நிஜாம் வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். அவர் சுட்ட புலிகள் முப்பதுக்கும் மேல் என்பது இந்நகரில் வழங்கிவரும் பேச்சு. அரசர் வேட்டைக்குச் சென்றால் கலைஞரும் உடன் செல்வார். 1902ஆம் ஆண்டு ஏப்ரலில் வைசிராய் கர்ஸன் பிரபு நிஜாமின் நாட்டுக்கு வந்தபோது, வாரங்கல் பகுதியில் நெக்கொண்டாவுக்கு அருகில் புலிவேட்டை ஏற்பாடாயிற்று. கர்ஸன் பிரபுவும் அவருடைய மனைவியாரும் நிற்க, அவர்கள் காலடியில் புலி கிடக்கும் படத்தைத் தீன்தயாள் எடுத்தார். உலகெங்கும் நூல்களில் இன்றும் அச்சாகிவரும் படம் அது.

நெக்கொண்டா நமக்குப் புதிய ஊரன்று. நாம் சார்மினார் விரைவு வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டால், வாரங்கல்லைக் கடந்து சிறிது நேரத்தில், இரவு உணவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும் வேளையில், சன்னலுக்கு வெளியே மங்கிய விளக்குகளுடன் ஓடி மறையும் சிறு நிலையம் அது. புலி உலவிய காடு அங்கு இருந்தது என்பதை அப்போது யார் நினைக்கிறோம்?

அப்படத்தைக் கூர்ந்து நோக்குங்கள். நடுவில் மனிதர், கையில் துப்பாக்கி, முகத்தில் பெருமிதம், காலடியில் விலங்கு. அந்நாளையக் கனத்த காமிராவைக் கொண்டு காட்டில் ஓடும் புலியைப் பிடிப்பது எளிதன்று. செத்த புலியோ அசையாது கிடக்கும். ஆதலால் வேட்டைப் படம் எல்லாம் ஒரே அமைப்பில் அமைந்தன. அப்படம் புலியைப் பற்றியது அன்று. ‘நாம் இதனை வென்றோம்’ என்று கூறும் மனிதரைப் பற்றியது.

காலம் மாறியது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் புலி நம் நாட்டின் தேசிய விலங்காயிற்று. புலிகள் பாதுகாப்புத் திட்டமும் அவ்வாண்டே தொடங்கிற்று. துப்பாக்கி கீழே வைக்கப்பட்டது. ஆயினும் பேராசை அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் நம் நேரு பூங்காவுக்குள்ளேயே புகுந்து ஒரு பெண்புலியைக் கொன்று தோலை உரித்த கொடுமையை இந்நகரில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

துப்பாக்கியை விட்டுக் காமிராவை எடுத்தவர்கள் சட்டம் வருவதற்கு நெடுநாள் முன்பே தோன்றிவிட்டனர். காட்டிலாகா அதிகாரியான சாம்பியன் என்ற ஆங்கிலேயர், புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி, புலியின் கால் பட்டவுடன் காமிரா தானே படம் எடுக்குமாறு அமைத்தார். அவர் நூல் 1927இல் வெளிவந்தது. வேட்டையில் புகழ்பெற்ற ஜிம் கார்பெட்டும் அவர் காட்டிய வழியிலேயே காமிராவைக் கையில் எடுத்தார்.

நம் தமிழகமும் இத்துறையில் பின்தங்கவில்லை. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணனை இங்கு நினைவுகூர்வது நம் கடமை. 1912இல் திருநெல்வேலியில் பிறந்த அவர், 1950 முதல் 1996இல் மறையும் வரை நாற்பத்தாறு ஆண்டுகள் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாக வந்துள்ளன. பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டார். அதைத் தூக்கிக்கொண்டு, கால்நடையாகவும் யானை மீது அமர்ந்தும், முதுமலை முதலிய காடுகளில் யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் படமாக்கினார். பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்த டி. என். ஏ. பெருமாள் உலக நாடுகளில் பாராட்டுப் பெற்ற மற்றொரு பெரியார்.

இப்பெரியோர்களின் படங்களில் நாம் காண்பது என்ன? யானை தன் கூட்டத்துடன் நீர் அருந்துகிறது. மான் காதை நிமிர்த்தி நிற்கிறது. படம் எடுத்தவர் அதில் இல்லை. அவர் விலங்கை நோக்கி நின்றார், அவ்வளவே. துப்பாக்கிப் படத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இப்போது நம் இரண்டாவது அடுக்குக்குத் திரும்புவோம். ‘செல்ஃபி’ என்று இளைஞர் கூறும் தற்படத்தில் நடுவில் நிற்பவர் யார்? நாம். கையில் இருப்பது கைப்பேசி. முகத்தில் அதே பெருமிதம். பின்னால் ஒரு மூலையில் புலி. துப்பாக்கி இல்லை, புலியும் உயிரோடு இருக்கிறது, அம்மட்டில் மகிழ்ச்சியே. ஆனால் நிற்கும் நிலை மட்டும் நெக்கொண்டாவில் நின்ற நிலையேயன்றோ? நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் நாம் விலங்கை நம் பெருமைக்கு ஒரு திரைச்சீலையாகவே வைத்திருக்கிறோம். குழந்தையை முன்னிறுத்தி நினைவுக்கு ஒரு படம் எடுப்பதை நாம் குறைகூறவில்லை. அதோடு திரும்பிவிடுவதைத்தான் கூறுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. நேரு பூங்காவில் காலப்பகஸ் தீவைச் சேர்ந்த பேராமை ஒன்று இருந்தது. பாகே ஆம் காட்சிச் சாலையில் வாழ்ந்து, 1963இல் புதிய பூங்காவுக்கு வந்தது. சுமார் 125 வயதுவரை வாழ்ந்து 2024ஆம் ஆண்டு மார்ச்சில் இறந்தது. தமிழகத்தினின்று இந்நகருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களில் பாட்டனார், தந்தையார், பேரன் என மூன்று தலைமுறையும் அதனைப் பார்த்ததுண்டு. அது மறைந்த செய்தி வந்தபோது, நம் மூத்த உறுப்பினர் சிலர் பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்ததாகக் கூறினர். படங்கள் கிடைத்தன. குழந்தையின் பட்டுப் பாவாடை தெரிகிறது. கையிலிருந்த பஞ்சுமிட்டாய் தெரிகிறது. ஆமையோ ஓட்டின் ஒரு விளிம்பு மட்டும்! நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த ஓர் உயிரின் சுருங்கிய கழுத்தும் நிதானமான கண்ணும் எப்படி இருந்தன என்பதை அப்படங்களிலிருந்து பேரனுக்குக் காட்ட இயலவில்லை. ஆமையை இனி மீட்டுக் கொணர முடியாது.

ஆகவே, திரும்பி நிற்போம். விலங்கை நோக்கி நிற்போம். நின்றபின் எவ்வாறு படம் எடுப்பது என்று இளைஞர் கேட்கலாம். அனுபவத்தில் அறிந்தவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, வேளை. பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் கதவு திறந்தவுடன் உள்ளே செல்வோர்க்கே நல்ல படம் வாய்க்கும். காலை இளவெயில் சாய்ந்து விழுவதால் மயிரும் தோலும் தெளிவாகத் தோன்றும். விலங்குகளும் சுறுசுறுப்புடன் நடமாடும். உச்சி வேளையில் சிங்கம் உறங்கும். ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை ஓய்ந்து கிடப்பது அதன் இயல்பு. நாம் அலுவலகத்தில் அரைமணி கண்ணயர்ந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். சிங்கத்தை யார் கேட்க முடியும்? அதனை எழுப்பக் கூச்சலிடுவதாலும் கை தட்டுவதாலும் பயனில்லை. அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபக்கம் புரண்டு படுக்கும்.

இரண்டாவது, உயரம். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் எவ்விலங்கும் சிறுத்துத் தோன்றும். மண்டியிட்டு, அதன் கண்ணின் மட்டத்திற்கு நம் காமிராவை இறக்கினால் அதன் கம்பீரம் புலப்படும். வேட்டியில் மண் ஒட்டும் என்று அஞ்சுவோர்க்கு நல்ல படம் இல்லை. சிறுவர் எடுத்த படங்கள் பெரியவர் எடுத்தவற்றைவிடச் சிறந்திருப்பதன் இரகசியம் இதுவே. அவர்கள் உயரமே அந்த உயரம்.

மூன்றாவது, கம்பிவலை. வலைக்கும் நமக்கும் இடைவெளி குறையவும், வலைக்கும் விலங்குக்கும் இடைவெளி மிகவும் வேண்டும். தடுப்புக்கு வெளியிலேயே நின்று, இயன்றவரை முன்னோக்கிக் காமிராவைப் பிடித்து, அதன் துளையை அகலத் திறந்து, விலங்கின் கண்ணில் குவியத்தை நிறுத்தினால், வலை புகைபோல் மங்கி மறையும். விலங்கு வலையோரம் வந்து நின்றால் பொறுத்திருங்கள். அது உள்ளே செல்லும்போதே படம் தெளியும். கண்ணாடிச் சுவராயின், காமிராவின் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் நம் நிழல் அதில் விழாது. எக்காரணம் கொண்டும் தடுப்பைத் தாண்டலாகாது. 2016இலும் 2021இலும் இதே பூங்காவில் சிங்கங்களின் இடத்திற்குள் இறங்கிய இருவரை ஊழியர்கள் பாடுபட்டு மீட்டனர். நம் துணிச்சலுக்கு அவ்வேழை ஊழியர் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா?

நான்காவது, ஒளி. காமிரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும் ஒரு பேதைக் கருவி. வெள்ளைப் புலி படம் முழுவதையும் நிறைத்தால் அதனைச் சாம்பல் புலியாக்கிவிடும். ஆகவே ஒளியைச் சிறிது கூட்ட வேண்டும். கரடியோ கரிய நிறம். அதனை வெளுத்துக் காட்டும். அங்கு ஒளியைச் சிறிது குறைக்க வேண்டும். மின்னொளி மட்டும் வேண்டவே வேண்டா. இரவு விலங்குகளின் கண்ணுக்குப் பின்னே கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. சிறிதளவு ஒளியையும் திருப்பியனுப்பி இருளில் காணத் துணை செய்வது அது. அத்தகைய கண்ணில் திடீரென்று பேரொளியைப் பாய்ச்சுவது கொடுமை.

ஐந்தாவது, பொறுமை. இதுவே தலையாயது. காட்சியில் கரடிப் படம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். எட்டாம் வகுப்பில் படிக்கும் நம் சங்கத்துச் சிறுமி ஒருத்தி எடுத்தது. மற்றவர் சிற்றுண்டிக்குச் சென்ற வேளையில் அவள் மட்டும் அங்கேயே நின்றாள். இருபது நிமிடம் கரடி முதுகையே காட்டிக்கொண்டிருந்தது. பின்னர் அது திரும்பி நிமிர்ந்தபோது மார்பில் உள்ள வெண்ணிற வளைவு முழுவதும் தெரிய, ஒரே ஒரு படம் எடுத்தாள். அந்த இருபது நிமிடத்தில் கரடி மண்ணை முகர்ந்து ஊதியதையும், நகத்தால் மரப்பட்டையைக் கீறியதையும், ஈயை விரட்டியதையும் அவள் கண்டாள். படம் ஒன்றே, அவள் பார்த்த காட்சியோ நூறு.

பொறுமையின் பெருமைக்கு ஒரு கணக்கும் சொல்வோம். 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராக்களை வைத்தனர். சாம்பியன் கம்பி கட்டிய முறையின் பேரப்பிள்ளை இம்முறை. ஏறக்குறைய மூன்று கோடியே நாற்பத்தெட்டு இலட்சம் படங்கள் பதிவாயின. அவற்றுள் புலி விழுந்த படங்கள் 76,651 மட்டுமே; அதாவது நானூற்றைம்பது படத்துக்கு ஒன்று! நம் கைரேகையைப் போல் ஒவ்வொரு புலிக்கும் வரி வெவ்வேறு ஆதலால், அவ்வரிகளை ஒப்பிட்டே புலிகளை எண்ணுகின்றனர். அன்று நாட்டில் 2,967 புலிகள் என மதிப்பிட்டனர். 2022ஆம் ஆண்டின் மதிப்பீடு 3,682. ஒரு காலத்தில் புலி செத்தால்தான் படம். இன்று படத்தால் புலி வாழ்கிறது. இதனினும் நல்ல மாற்றம் வேறுண்டோ?

அன்பர்களே, பூங்காவில் எங்குக் கூட்டம் மிகுதி என்று பார்த்தால் வெள்ளைப் புலியின் முன்தான். அழகிய விலங்கே, மறுக்கவில்லை. ஆனால் காட்சிச் சாலைகளில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை 1951இல் ரீவா அரசர் பிடித்த ஒற்றைக் குட்டியின் வழிவந்தவை. நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்டவை. காட்டின் நலத்துக்கு அவை செய்வது சிறிதே. பூங்காவில் மற்றொரு விலங்கு உண்டு. அதன் பெயர் சருகுமான். தோள் உயரம் ஓரடி, எடை மூன்று கிலோ அளவு, கொம்பு கிடையாது, சருகின் நிறத்தில் சருகோடு சருகாக ஒளிந்து வாழும். அதற்கு முன் நின்று தற்படம் எடுப்போர் எவரும் இலர். ஆனால், நம் நகரின் உயிரணு மூலக்கூற்று உயிரியல் ஆய்வு மையத்தின் துணையுடன் 2010இல் தொடங்கி இப்பூங்காவில் பெருக்கப்பட்டு, 2017இல் அமராபாத் புலிகள் காப்பகத்தின் காட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்ட பெருமை இச்சிறு உயிருக்கு உண்டு. கூண்டிலிருந்து காட்டுக்கு வழி உண்டு என்று காட்டிய விலங்கு அது. அடுத்த ஆண்டுக் காட்சியில் சருகுமானின் படம் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்பது எம் அவா.

விலகி நிற்பதன் தேவையை 2021ஆம் ஆண்டும் நமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் இப்பூங்காவின் எட்டு ஆசியச் சிங்கங்களுக்குக் கொரோனாத் தொற்று உறுதியாயிற்று. அவை தேறின. ஆயினும் மனிதரின் மூச்சே விலங்குக்கு நோயாகலாம் என்பதை அன்று உணர்ந்தோம். கேலி செய்தல், துன்புறுத்தல், தீனி போடுதல், கூச்சலிடுதல், குப்பை எறிதல் ஆகிய அனைத்தையும் காட்சிச் சாலைகளில் வனவிலங்குச் சட்டம் தடுத்துள்ளது. கல்லெறிந்து முதலையை அசையச் செய்து படம் எடுப்பவர் சட்டத்தையும் மீறுகிறார், பொய்யையும் படமாக்குகிறார்.

பொய் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. கம்பி தெரியாமல் எடுத்த படத்தைக் காட்டில் எடுத்ததாகக் கூறிப் பெருமை கொள்வோர் உண்டு. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற போட்டியில், 2009ஆம் ஆண்டின் முதற்பரிசு வேலியைத் தாண்டும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்க வேண்டும் என்று நடுவர்கள் பின்னர் முடிவு செய்து, 2010 சனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றனர். பூங்காவில் எடுத்த படத்தில் இழிவு ஏதுமில்லை. அதனைப் பூங்காவில் எடுத்தது என்று அடியில் எழுதுவதே அழகு.

அடியில் எழுதுவது எந்த மொழியில்? சங்கத்தார் சிந்திக்க வேண்டிய செய்தி இது. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் தெலுங்கும் உருதுவும் பேசி வளர்கின்றனர். பூங்காவின் பலகையில் தமிழ் இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்பது முறையுமன்று. அக்குறையை நாமே நிறைவு செய்யலாம். தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுத்து வைத்துள்ளார். புலிக்குக் குருளை, மானுக்கு மறி, யானைக்குக் கன்று, குரங்குக்கு மகவு. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இட வேண்டுமானால் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்! அம்மக்கள் விலங்குக்கு முதுகு காட்டியவர் அல்லர். ஒரு பிள்ளை தான் எடுத்த படத்தின் கீழ் ‘மான்மறி’ என்று தன் கையால் எழுதினால், அச்சொல் அதன் நெஞ்சில் நிலைக்கும். இலக்கண வகுப்பில் பத்து முறை எழுதினும் அது நிகழாது.

அச்சொற்களைத் திறந்த வெளியில் பயில விரும்புவோர்க்கு வனஸ்தலிபுரத்தில் மஹாவீர் ஹரிண வனஸ்தலி இருக்கிறது. மஹாவீரர் வீடுபேறு அடைந்த 2500ஆம் ஆண்டு நினைவாக 1975இல் அப்பெயர் பெற்று, 1994இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிஜாம் காலத்தில் வேட்டைக் காடாக இருந்த அந்நிலத்தில் இன்று இரலைமான்கள் புல்வெளியில் மேய்கின்றன. சென்னைக் கிண்டியிலும் கோடியக்கரையிலும் நாம் காணும் அதே திருகு கொம்பு மான்தான். ஊர் மாறினும் உறவு மாறவில்லை. அங்குக் கம்பியில்லை, அகழியில்லை. மான் நம்மை நம்பி நின்றால்தான் படம். நம்பாவிடில் நான்கே பாய்ச்சலில் மறைந்துவிடும்.

ஆகையால் சங்கத்தின் முன் மூன்று கருத்துகளை வைக்கிறோம். அடுத்த குளிர்காலச் சுற்றுலா வனஸ்தலிக்கு அமையட்டும். ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு விலங்கைத் தேர்ந்துகொண்டு, பத்து நிமிடமேனும் காமிராவைத் தொடாமல் அதனைப் பார்த்துவிட்டு, அதன்பின் படம் எடுக்கட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் விலங்கின் தமிழ்ப்பெயர், எடுத்த இடம், அப்போது அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய மூன்றையும் பிள்ளைகளே எழுதட்டும். இம்மூன்றாவதை எழுத வேண்டுமானால், முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க இயலாது.

விலங்குகள் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. தீனி கேட்கவில்லை, புகழ் கேட்கவில்லை. நாம் அவற்றுக்கு அளிக்கக்கூடியது சிறிது அமைதியும் சிறிது கவனமுமே. அதனை அளித்தால், அவை திரும்ப அளிப்பது எந்தச் சட்டத்திலும் அடங்காது.